அண்ணன் வாயில் என் பங்கு

பையை மடியில வச்சுக்கிட்டு ஏன் அண்ணாச்சி சிரமப்படுதீய, இங்கன கீழ வைங்க. இந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல நான் ரெண்டு மூணு வருசமா வந்து உக்காருதேன், ஒரு சாமான் களவு போனது கிடையாது. யாருக்கு, உங்களுக்கா? ஓ, அண்ணனுக்கா! பாருங்களேன், நானும் அண்ணனுக்குத்தான் வந்திருக்கேன். உங்க அண்ணனுக்கும் கழுத்துல கரண்டு வச்சு, அதான் ரேடியேசன், வாய் வறண்டு போச்சா? அப்போ உங்க வயித்துக் கொழுப்பைக் கேட்டிருப்பாவளே. கேட்டாவளா? அதானே. நீங்க வரும்போதே நெனச்சேன். கொழுப்பு கொடுக்க வந்தவனுக்குன்னு ஒரு மூஞ்சி இருக்கு.

கையெழுத்து போட்டுட்டீயளா? இன்னும் போடலையா? நல்லது. போட வேண்டாம்னு நான் சொல்லல. போடுததுக்கு முந்தி நான் சொல்லுததை ஒரு தடவை கேட்டுட்டுப் போடுங்க.

எங்க அண்ணன் உள்ளதான் இருக்காவ. துப்பிக்கிட்டு இருக்காவ. சிரிக்காதீய அண்ணாச்சி, நெசமாத்தான் சொல்லுதேன். ஒரு குப்பியக் கையில கொடுத்து, வாயில ஊறுததை விழுங்காம அதுக்குள்ள துப்பச் சொல்லுவாவ. எவ்வளவு ஊறுதுன்னு அளப்பாவ. வெளிய துப்புனா அபராதம், உள்ள துப்புனா டாக்டரம்மா கைதட்டுதாவ. சரி, அந்தக் குப்பியில இருக்கிறது யாரோடதுன்னு நெனைக்கீய? என்னோடது. வாய் அண்ணன் வாய், ஒத்துக்கிடுதேன். ஊறுதது என்னோடது.

நான் உலகநாதன். ஆழ்வார்குறிச்சி. எங்க அண்ணன் ஆவுடையப்பன். ‘ஆவுடையப்பன் சமையல்’னு கேள்விப்பட்டிருப்பீய. கேள்விப்பட்டதில்லையா? உங்களுக்கு எந்த ஊரு? விருதுநகரா, சரி விடுங்க, அதான். எங்க பக்கம் கல்யாணத்துக்கு மண்டபம் பாக்கதுக்கு முந்தி எங்க அண்ணன் அன்னைக்கு சும்மா இருக்காவளான்னுதான் பாப்பாவ. அதுலயும் சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுப் பந்தியில சொதி இல்லாட்டா சம்பந்திமாரு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவாவ. பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, எல்லாம் தேங்காப்பால்ல வேகணும். தலைப்பாலைக் கடைசியா விட்டு, கொதிக்க விடாம இறக்கணும். தொட்டுக்கிட இஞ்சிப் பச்சடி. நான் சொல்லும்போதே உங்களுக்கு வாயில ஊறுதுல்லா? ஊறும். உங்களுக்கு எவனும் கரண்டு வைக்கலையே.

எங்க அடுப்படியில ஒரு வழக்கம் உண்டு. சொதி இறக்குனதும் அண்ணன் ஒரு சொட்டு இடது உள்ளங்கையில விட்டு நக்கிப் பாப்பாவ. கண்ணை மூடிக்கிடுவாவ. அம்புட்டுப் பேரும் கரண்டியக் கீழ வச்சுட்டு நிப்போம். கண்ணைத் திறந்து “இலை போடு”ன்னாவன்னா பந்தி ஆரம்பம். அந்த ஒரு வார்த்தை வராம ஒரு இலை விழாது. மாப்பிள்ளைக்கு அப்பா வந்து நின்னாலும் விழாது.

என் வேலையா? நான் மேற்பார்வை. பந்திக்கு ஊடால நடப்பேன், “சாப்பிட்டீயளா, சாம்பார் கேளுங்க, கூச்சப்படாதீய”ன்னு கேப்பேன். இதெல்லாம் ஒரு வேலையாம்பான் சிலபேரு. நடந்து பாத்தாத்தான் தெரியும்.

அண்ணனுக்கு நாக்குக்கு அடியில ஒரு புண்ணு வந்துச்சு. வெத்தலை போடாத மனுசன் அண்ணாச்சி. சோதிச்சுப் பாத்தா அந்த நோய்தான். இங்கதான் கொண்டாந்து கரண்டு வச்சோம். கட்டி கரைஞ்சுது, புண்ணு ஆறிச்சு, நோய் போச்சு. ஆனா அந்தக் கரண்டு நல்லது கெட்டது பாக்காம வாய்க்குள்ள எச்சில் சுரக்கிற இடத்தையும் கருக்கிட்டுப் போயிட்டு. ரெண்டு கன்னத்துலயும் தாடைக்கு அடியிலயும் சுரப்பி இருக்காம். எனக்கு அதுக்கு முந்தி தெரியாது. எச்சில் பாட்டுக்கு வருது, எங்கருந்து வருதுன்னு யாரு பாத்தா?

அதுக்கப்புறம் சோறு மணலாப் போச்சு. இட்லி தொண்டையில நிக்கும். எங்க போனாலும் கையில தண்ணி பாட்டில். பேச்சு பாதியில ஒட்டிக்கிடும், ஒரு மடக்கு குடிச்சாத்தான் மீதி வரும். பல்லெல்லாம் ஒண்ணொண்ணா ஆடிச்சு. சொதிய உள்ளங்கையில விட்டு நக்குவாவ, கண்ணை மூடுவாவ, அப்புறம் கண்ணைத் திறந்து சும்மா நிப்பாவ. ஒண்ணும் தெரியல. நான் பக்கத்துல போயி, “நான் பாத்துட்டேன் அண்ணே, நல்லாருக்கு, இலை போடச் சொல்லட்டா?”ம்பேன். என்னை ஒரு பார்வை பாத்துட்டுத் தலையாட்டுவாவ. என்ன நம்பிக்கை பாத்துக்கிடுங்க, தம்பி மேல!

அந்த நம்பிக்கையிலதான் அடுப்படிய நான் கையில எடுத்தேன். காலத்துக்கேத்த மாதிரி சில மாத்தம் செஞ்சேன். தேங்கா திருவ ஆளு, அரைக்க ஆளு, பிழிய ஆளு, எதுக்குங்கேன்? இப்போ தேங்காப்பால் பொடி பாக்கெட்டுல வருது. பிரிச்சு சுடுதண்ணியில போட்டுக் கலக்குனா முதல் பாலு, இன்னும் கொஞ்சம் தண்ணி விட்டா ரெண்டாம் பாலு. திரிஞ்சு போகுமேங்கிற பயம்கூட இல்ல. அண்ணன் கையில ஒரு சொட்டு விட்டேன். நக்கிப் பாத்துத் தலையாட்டுனாவ. அவாளே தலையாட்டுனதுக்கு அப்புறம் வேற யாரு சொல்லணும்?

போர்டையும் மாத்துனேன். ‘உலகநாதன் கேட்டரிங்’. என் படம் பெருசா. அண்ணனை விட முடியுமா? கீழ ஓரத்துல சின்னதா அவாள் படத்தையும் வச்சு, ‘நல்லாசியுடன்’னு போட்டேன். மரியாதைக்குத்தான். அதைப் பாத்துட்டு வீரவநல்லூர்லருந்து ரெண்டு பேரு மாலையோட துக்கம் கேக்க வந்துட்டாவ. அண்ணனே கதவைத் திறந்து அவாளுக்குக் காப்பி கொடுத்தாவ.

வியாபாரம் அப்போதான் கொஞ்சம் படுத்துச்சு. யாரும் சொதி சாப்பிடுததில்ல அண்ணாச்சி இப்போல்லாம். எல்லாவனுக்கும் கொழுப்பு, சுகர். அதான் காரணம்.

ஆனா ஒண்ணு சொல்லணும். ஒரு கல்யாணத்துல எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்ச பிறவு அண்ணன் தனியா ஓரமா உக்காந்தாவ. இலையில சோத்தைப் போட்டு, சொதிய விட்டு, அழகாப் பிசைஞ்சு ஒரு வாய் வச்சாவ. மென்னாவ, மென்னாவ, உள்ள இறங்கல. தண்ணியக் குடிச்சாவ. ரெண்டாவது வாய் எடுத்துக் கையில வச்சுக்கிட்டே பாத்துக்கிட்டு இருந்தாவ. அப்புறம் திருப்பி இலையில வச்சுட்டு இலைய மூடிட்டாவ. ஊருக்கே ஆக்கிப் போட்ட கை. எங்க அப்பா செத்த பிறவு எனக்கு ஊட்டிவிட்ட கை. மண்டபத்துக்குப் பின்னால தண்ணித் தொட்டிப் பக்கம் போயி நின்னு அழுதேன். அதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல.

அதுனாலதான் இந்த ஆராய்ச்சின்னு டாக்டரம்மா சொன்னதும் முதல் ஆளா நின்னேன். முதல் ஆளுன்னா, வடிவு எனக்கு முந்தியே வந்து உக்காந்திருந்தா. வடிவு எங்க தங்கச்சி. சங்கரன்கோவில்ல கட்டிக் கொடுத்திருக்கு, வீட்டுல தையல் மெசின் வச்சிருக்கா. காலையிலயே பஸ் ஏறி வந்து, “எங்கிட்ட எடுத்துக்கிடுங்க”ன்னு சொல்லிட்டா. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஆம்பளை நான் இருக்கும்போது, வேற வீட்டுக்குப் போன பொண்ணு கொடுக்கதா? நாளைக்கு அவ மாப்பிள்ளை வந்து, எங்க வீட்டுச் செல்லுல்லாம்பாரு. “என்கிட்டத்தான் எடுக்கணும்”னு நான் ஒரே பிடியா நின்னேன். டாக்டரம்மா என் ரத்தத்தைச் சோதிச்சுட்டு, “சுகர் கூட இருக்கு, உங்க செல் நல்லா வளருமான்னு தெரியல”ன்னாவ. நான் விடல. கடைசியில ரெண்டு பேருகிட்டயும் எடுத்துக்கிடுதோம்னாவ. வடிவோடது சும்மா ஒரு கையிருப்புக்கு.

ஸ்டெம் செல்லுன்னா என்னன்னு உங்களுக்குச் சொன்னாவளா? நான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். நம்ம கொழுப்புக்குள்ள அந்தச் செல்லு இருக்கு. அதைத் தனியாப் பிரிச்சு, தட்டுல வச்சு வளத்து, ஊசியில ஏத்தி சுரப்பியில போடுவாவ. அது நேரா எச்சில் சுரக்காதாம். கருகாம மிச்சம் கிடக்க செல்லு பக்கத்துல போயி உக்காந்து, “எந்திரி, வேலையப் பாரு”ன்னு அதுகளை எழுப்பி விடுமாம். எழுப்பி விட்டுட்டு அதுபாட்டுக்குப் போயிருமாம். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. தான் வேலை செய்யாது, பக்கத்துல நின்னு வேலை வாங்கும். மேற்பார்வை! அண்ணாச்சி, அது என் செல்லு இல்லாம வேற யாரு செல்லா இருக்க முடியும்?

வயித்துல ஊசியப் போட்டுக் குழாய் வச்சு உறிஞ்சுனாவ. வலியா? மருந்து கொடுத்திருந்தாவ, தெரியல. ஆனா அதுக்கப்புறம் வந்த அசதி இருக்கே! மாசக்கணக்கா நான் கட்டிலைவிட்டு இறங்கல. சொந்தக்காரவ வந்து வந்து பாத்தாவ, ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக் குமிஞ்சுது. நோயாளியப் பாக்க வந்தவங்களைவிட என்னைப் பாக்க வந்தவங்க ஜாஸ்தி. அண்ணனே பாட்டிலும் கையுமா வந்து எனக்குத் தலையணைய நிமித்தி வச்சாவ. வடிவு எடுத்த அன்னைக்கு சாயங்காலமே பஸ் ஏறிட்டா, தைக்கிற துணி கிடக்குன்னு. அவகிட்ட கொஞ்சூண்டு எடுத்திருப்பாவ.

பெறவு இங்கருந்து சிஸ்டர் போன் பண்ணுனாவ. “சார், உங்க செல் சரியா வளரல. கவலைப்படாதீங்க, வேற ஏற்பாடு பண்ணியாச்சு”ன்னாவ. நான் சிரிச்சுக்கிட்டேன். நல்ல செல்லுன்னா களை மாதிரி சகட்டுமேனிக்கு வளருமா? கொஞ்சமா இருந்தாலும் தரமா இருக்கும். வேற ஏற்பாடுன்னா, வேற தட்டு, வேற தண்ணி, அப்படி ஏதாவது மாத்தியிருப்பாவ. நான் தோண்டித் துருவிக் கேக்கல. அவாளுக்கும் ஆயிரம் வேலை இருக்கும்.

ஊசி போட்டு மாசங்கள் போச்சு. ஒரு நாள் வடிவு வந்திருந்தா, நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டாந்திருந்தா. அண்ணன் பழக்க தோசத்துல ஒரு துண்டைக் கிள்ளி நாக்குல வச்சாவ. ஒண்ணும் இருக்காதுன்னு வச்சவங்க அப்படியே நின்னுட்டாவ. ஒரு கன்னம் இழுத்துச்சு. கண்ணு ரெண்டும் இறுக மூடிக்கிட்டு. கடவாயில ஒரு சொட்டுத் தண்ணி எட்டிப் பாத்துச்சு. “புளிக்குலே உலகு”ன்னாவ. “ஏலே, புளிக்குலே!” மதினி அடுப்பை விட்டுட்டு ஓடி வந்தாவ. எல்லாரும் அழுதோம் அண்ணாச்சி. என் வாழ்நாள்ல அப்படி ஒரு சந்தோசத்தை நான் பாத்தது இல்ல.

நான் கண்ணைத் துடைச்சுட்டு, “அது என் செல்லு அண்ணே”ன்னேன். அண்ணன் வடிவைப் பாத்தாவ. வடிவு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுக் குனிஞ்சுக்கிட்டா. சந்தோசம் தாங்கல போல.

அன்னைலருந்து நான் பொறுப்பா நடந்துக்கிட்டேன். விசேச வீட்டுல அண்ணன் பாயசம் குடிச்சு, “நல்லாருக்கு”ன்னாவன்னா, நான் எந்திரிச்சு எல்லாருக்கும் ஒரு கும்பிடு போடுவேன். வெளியில எங்கயும் துப்ப விடமாட்டேன். “அண்ணே, வீணாக்காதீய, வயித்துலருந்து எடுத்தது”ம்பேன். அண்ணன் ஒரு வார்த்தை எதுத்துப் பேசுனதில்ல. சிரிச்சுக்கிட்டுக் கேட்டுக்கிடுவாவ.

இப்படி இருக்கையிலதான் கல்லிடைக்குறிச்சியில ஒரு மறுவீடு வந்துச்சு. பெரிய இடம். அண்ணன் நானும் வாரேன்னாவ. தலைப்பாகையக் கட்டிக்கிட்டு அடுப்படிக்குள்ள வந்தாவ. ஆளுகளுக்கெல்லாம் சந்தோசம். சொதி இறக்கியாச்சு. நானே என் கையால ஒரு சொட்டு அவாள் உள்ளங்கையில விட்டேன். நக்குனாவ. கண்ணை மூடுனாவ. அம்புட்டுப் பேரும் கரண்டியக் கீழ வச்சுட்டு நின்னோம்.

கண்ணைத் திறந்து, “தேங்கா எங்கலே?”ன்னாவ.

“உள்ளதான் அண்ணே இருக்கு”ன்னேன்.

திரும்பிப் பக்கத்துல சாக்கடையில துப்பிட்டாவ அண்ணாச்சி! தூ-ன்னு! அத்தனை ஆளுகளுக்கு முன்னால! என் செல்லு உண்டாக்குன எச்சிலை வச்சே என் சொதியத் துப்பிட்டாவ. உலகத்துல எந்தத் தம்பிக்காவது இது நடந்திருக்குமா? “எத்தனை நாளா இப்படி ஊத்துத?”ன்னு கேட்டாவ. “நீங்கதானே தலையாட்டுனீய”ன்னேன். அவாள் மூஞ்சி சுருங்கிப் போச்சு. அண்டாவைக் கவுத்தச் சொல்லிட்டாவ.

தேங்கா வாங்கிட்டு வரச் சொல்லி, தானே திருவ உக்காந்துட்டாவ. விருந்துக்கு வந்திருந்த வடிவு பட்டுச்சேலைய இடுப்புல சொருகிக்கிட்டு பால் பிழிய உக்காந்துட்டா. பந்தி நேரம் தாண்டி வெயிலே இறங்க ஆரம்பிச்சுட்டு. சம்பந்திமாரு மண்டபத்துல முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்காவ. நான் போயி போயி, “இந்தா வந்துரும், இந்தா வந்துரும்”னு சொல்லி என் நாக்கு வறண்டு போச்சு. கடைசியில ஒரு வழியா, “இலை போடு”ன்னாவ. ஒருத்தரும் கோவிச்சுக்கிட்டுப் போகல. ரெண்டாவது தடவை, மூணாவது தடவைன்னு கேட்டு வாங்கி இலைய வழிச்சுச் சாப்பிட்டாவ. பசிதான், வேற என்ன? பசிச்சவனுக்கு எதுவும் ருசிக்கும்.

மறுநாளே பழைய போர்டு ஏறிட்டு. என்கிட்ட, “நீ பந்திக்குப் போலே, அடுப்புப் பக்கம் வராத”ன்னாவ. அம்புட்டுதான். சத்தங்கூடப் போடல. சத்தம் போட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை போட்டிருப்பேன். இப்போ கூப்பிட்ட நாளைக்கெல்லாம் வடிவு வந்து அடுப்படியில நிக்கா. நான் நாற்காலிய எண்ணிக்கிட்டு நிக்கேன். வயித்தைக் கிழிச்சுக் கொடுத்தவன் வாசல்ல, ஊறுகாய் கொண்டாந்தவ அடுப்படியில. நியாயத்தை நீங்களே சொல்லுங்க.

அதுக்குத்தான் இன்னைக்கு நானும் கூட வந்திருக்கேன். டாக்டரம்மா அண்ணன் முகத்துக்கு நேரா ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். ‘இது உங்க தம்பி செல்லு’. அது போதும். அடுப்படியில எனக்கு உள்ள பங்கு எனக்கு வந்துரும். மாட்டேன்னாவன்னா, கொடுத்ததைத் திருப்பி எடுக்க ஏதும் வழி இருக்கான்னு கேக்கப் போறேன். ஏன் சிரிக்கீய? போட ஊசி இருக்கும்போது எடுக்க ஊசி இருக்காதா?

இந்தா, சிஸ்டர் வாராவ. நல்லதாப் போச்சு. எனக்குப் போன் பண்ணுனது இவாதான். சிஸ்டர்! ஒரு நிமிசம் இங்கன வாங்க. இவாள் விருதுநகர், அண்ணனுக்குக் கொடுக்க வந்திருக்காவ, பாவம் பயந்து போயி இருக்காவ. எங்க அண்ணனுக்குப் போட்டது யாரு செல்லுன்னு நீங்களே இவாளுக்குச் சொல்லுங்க.

என்னது?

இல்ல சிஸ்டர், நீங்க வேற யாரையோ நெனைக்கீய. ஆவுடையப்பன், ஆழ்வார்குறிச்சி. நான் அவாள் தம்பி. உலகநாதன்... ஆமா, சுகர்தான். வளரலன்னு சொன்னீய, ஞாபகம் இருக்கு. வேற ஏற்பாடுன்னா... வடிவோடதா?

முழுசுமா? என்னோடது ஒண்ணுகூடவா போகல?

அண்ணனுக்குத் தெரியுமா? முதல்லருந்தேவா? வடிவுக்கும்?

சரி சிஸ்டர். சரி, நீங்க போங்க.

ஒரு வருசம் அண்ணாச்சி. ஒரு வருசமா ஒவ்வொரு விசேச வீட்டுலயும் நான் எந்திரிச்சு எந்திரிச்சுக் கும்பிட்டேனே. ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்துதான் இருந்தாவ. ஒருத்தர்கூட, “உக்காருலே”ன்னு ஒரு வார்த்தை சொல்லலையே. நான் கட்டில்ல கிடந்தப்போ அவாள் வந்து தலையணைய நிமித்தி வச்சாவளே, அப்பவே தெரிஞ்சுதானே வச்சிருப்பாவ?

கொஞ்சம் பேசாம இருங்க. அண்ணன் வாராவ.

என்ன அண்ணே, முடிஞ்சுதா? நிறைய ஊறியிருக்குன்னாவளா? சந்தோசம். இந்தாங்க தண்ணி... வேண்டாமா? ஆமா, இப்போ எதுக்கு. நானா? நான் இன்னும் சாப்பிடல. வடிவு புளியோதரை கட்டிக் கொடுத்துவிட்டாளா? எனக்கும் சேத்தா? நீங்க முன்னால போங்க அண்ணே, இந்தா வாரேன். இவாள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாரேன்.

அண்ணாச்சி, கிட்ட வாங்க. நீங்க தைரியமாக் கையெழுத்து போடுங்க. உங்களுக்குச் சுகர் இல்லல்லா? அப்போ போடுங்க. எனக்கு இப்பத்தான் எல்லாம் வெளங்குது. இத்தனை நாளா நான் எங்க அண்ணனைத் தப்பா நெனச்சுட்டேன். அவாள் மேல ஒரு குத்தமும் இல்ல. அன்னைக்கு அடுப்படியில என் சொதியத் துப்பினது வடிவு! நீங்களே யோசிச்சுப் பாருங்க, அது மட்டும் என் செல்லா இருந்திருந்தா, என் சொதியத் துப்பியிருக்குமா?